வீட்டுக்கு வரும் ஒயர் யாருடையது?

(நமது சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "டெக்னாலஜி பத்தி ஏதாவது பேசுப்பா. ஆனா அடுத்தது சாப்பாடு, ஞாபகம் வச்சுக்கோ" என்றார். ஞாபகம் இருக்கிறது. பதினைந்து ஆண்டுகளாக நெட்வொர்க் வேலை பார்ப்பவன் என்ற தைரியத்தில், நம் வீட்டுக்கு இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனிகளை அரசாங்கம் எந்த அளவுக்குக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதைப் பேச எடுத்துக்கொண்டேன். கட்டுப்படுத்தினால் நமக்கு லாபமா நஷ்டமா என்பதும் அதோடு சேர்ந்ததுதான்.

இதைப் பற்றி நாலு பேர் கூடிப் பேசினால் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவோம். "அரசாங்கம் கை வைத்தால் எதுவும் உருப்படாது, சந்தையிடம் விட்டுவிடு" என்பது ஒரு கட்சி. "கம்பெனிக்காரனை விட்டால் நம்மை மொட்டையடித்துவிடுவான்" என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் என் தொழிலில் நான் பார்த்த வரையில், இரண்டு கட்சிக்காரர்களும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. நம் வீட்டுக்கு வருகிற ஒயர் யாருடையது? அந்த ஒயர்க்காரரைப் பிடிக்கவில்லை என்றால், நாளைக் காலையில் அவரை விட்டு நான் போக முடியுமா?

எத்தனை கம்பெனி இருக்கிறது என்பதை வைத்து "சாய்ஸ்" என்று சொல்கிறோம். சென்னையில் வாடகைக்கு ஆயிரம் வீடு காலியாக இருக்கலாம். பத்து மாத அட்வான்ஸ் இந்த வீட்டுக்காரரிடம் மாட்டிக்கொண்டிருக்கும்போது அந்த ஆயிரம் வீட்டால் எனக்கு என்ன பிரயோஜனம்? குடியிருந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

கொஞ்சம் பழைய கதையிலிருந்து வருகிறேன். 1995 ஆகஸ்ட் 15. அப்போது எனக்கு ஏழு வயசு. முன்வரிசை அண்ணன்கள் பலர் வேலைக்குப் போயாச்சு. அன்றுதான் வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்புத் தர ஆரம்பித்தது. தனிநபருக்கு 250 மணி நேரம், 5,000 ரூபாய். வேகம் வினாடிக்கு 9.6 கிலோபிட். அதற்கு மேல் டெலிபோன் கட்டணம் தனி. நாட்டுக்கு ஒரே கடை, அதுவும் சர்க்கார் கடை. லைன் கிடைப்பதே அதிர்ஷ்டம்.

அந்தக் காலத்தில் இன்டர்நெட் வழியாகக் குரலை அனுப்பிப் பேசுவது சட்டப்படி தவறு என்பது இங்கே எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அமெரிக்காவிலிருக்கும் தம்பியிடம் நிமிடத்துக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் கொடுத்துப் பேச வேண்டும். இன்டர்நெட்டில் பேசினால் அந்த வருமானம் போய்விடும், அதனால் தடை. 2002 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் அந்தத் தடையை எடுத்தார்கள். அதே சமயத்தில்தான் வெளிநாட்டு அழைப்பில் வி.எஸ்.என்.எல்.லின் ஏகபோகமும் முடிந்தது. அரசு விதி என்றாலே மக்களைக் காக்கத்தான் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அந்த விதி காத்தது கடைக்காரரை. அந்தக் கடைக்காரர் அரசாங்கமே.

1997-இல் டிராய் என்ற ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. 1998 நவம்பரில் தனியார் கம்பெனிகளும் இன்டர்நெட் சேவை தரலாம் என்று கதவைத் திறந்தார்கள். முதலில் வந்தது நம்ம சென்னைக் கம்பெனி, சத்யம் இன்ஃபோவே. பின்னால் சிஃபி என்று பெயர் மாறியது. நூற்றுக்கணக்கான கம்பெனிகள் உரிமம் வாங்கின. தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர். எங்கள் பேட்ச் பசங்கள் கவுன்சலிங் ரிசல்ட் பார்த்ததெல்லாம் அங்கேதான்.

அந்த நாலைந்து வருஷம் நிஜமாகவே போட்டி இருந்தது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். ஒயர் டெலிபோன் இலாகாவுடையது. அது எல்லோருக்கும் பொது. இந்தக் கம்பெனி பிடிக்கவில்லையா, மோடத்தில் வேறு நம்பரைப் போட்டு டயல் செய்தால் வேறு கம்பெனி. பத்து மணி நேரம், இருபது மணி நேரம் என்று கடையில் பாக்கெட் விற்கும். வாங்கிச் சுரண்டி, பாஸ்வேர்டைப் போட வேண்டியதுதான். மாறுவதற்கு ஆன செலவு அந்த ஒரு பாக்கெட்டின் விலை. வேகம் ஆமை வேகம், அது வேறு விஷயம். ஆனால் கடை மாறுவதில் அன்றைக்கு இருந்த சுதந்திரம், சத்தியமாகச் சொல்கிறேன், இன்றைக்கு 300 மெகாபிட் ஃபைபர் வைத்திருக்கும் நமக்கு இல்லை.

பிராட்பேண்ட் வந்ததும் இது மாறியது. இதில்தான் விஷயம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பழைய டெலிபோன் லைன் என்பது என்ன? ஒவ்வொரு வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சிலிருந்து தனியாக ஒரு ஜோடி செம்புக் கம்பி. அந்தக் கம்பியின் மறுமுனை எக்ஸ்சேஞ்சில் ஒரு பெரிய சட்டத்தில் வந்து நிற்கும். அதை எந்தப் பெட்டியில் செருகுகிறோமோ, அந்தப் பெட்டிக்காரர் நமக்குச் சேவை தருபவர். டி.எஸ்.எல். பிராட்பேண்டில் அந்தப் பெட்டி பெரும்பாலும் எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயே இருக்கும். ஆக, போட்டிக் கம்பெனியின் பெட்டியையும் எக்ஸ்சேஞ்சுக்குள் வைக்க இடம் கொடுத்து, கம்பியை நியாயமான வாடகைக்கு விட்டால் போட்டி தானாக வரும். விடாவிட்டால் ஒரே ஆள். லைன்மேன் கம்பியைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகும் பத்து நிமிட வேலைதான் இது. உலகம் முழுக்க இருபது வருஷம் சண்டை போட்டது இந்தப் பத்து நிமிட வேலைக்கு!

2004 ஏப்ரலில் டிராய் இதைச் செய்யச் சொல்லி மத்திய அரசுக்குப் பரிந்துரை கொடுத்தது. அப்போது நாட்டில் ஏறத்தாழ 4 கோடித் தரைவழி இணைப்புகள். மிகப் பெரும்பான்மை பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். இரண்டிடமும்தான். அதாவது மக்கள் பணத்தில் பல பத்தாண்டுகளாகப் போட்ட கம்பி. அதே ஆண்டு அக்டோபரில் பிராட்பேண்ட் கொள்கை வெளிவந்தது. அரசு என்ன செய்தது? கம்பியைக் கட்டாயமாகப் பகிரச் சொல்லவில்லை. கம்பெனிகள் தங்களுக்குள் பேசி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. எதிர்க்கடைக்காரனுக்கு உன் கடைத் திண்ணையை விட்டுக்கொடு, இஷ்டமிருந்தால் கொடு என்றால் யார் கொடுப்பார்கள்?

அந்தக் கொள்கை 2010-க்குள் 2 கோடி பிராட்பேண்ட் இணைப்பு என்று இலக்கு வைத்தது. 2010 முடிவில் இருந்தது ஏறத்தாழ 1.1 கோடி. இந்தக் குறைவுக்கு இது ஒன்றே காரணம் என்று சொன்னால் அது நியாயமாக இருக்காது. கம்ப்யூட்டர் விலை, மின்வெட்டு, மழை பெய்தால் இரைச்சல் கேட்கும் பழங்கம்பி என்று எத்தனையோ உண்டு. ஆனால் அந்தச் செம்பு எல்லாம் போட்டிக்கு வராமலே மண்ணுக்குள் கிடந்து வீணானது என்பது என்னைப் போன்றவர்களுக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

இதே காலத்தில் பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். அங்கேயும் பி.டி. என்ற பழைய டெலிபோன் கம்பெனி. கம்பியைப் பகிர வேண்டும் என்று சட்டம் இருந்தது, ஆனால் இழுத்தடிப்பு. 2005-இல் ஆஃப்காம் ஆணையம் கிடுக்கிப்பிடி போட்டது. கம்பியைப் பராமரிக்கும் பிரிவைத் தனியாக்கு, உன் சொந்தக் கடைக்கும் எதிர்க்கடைக்கும் ஒரே விலை, ஒரே கவனிப்பு என்றது. 2006 ஜனவரியில் ஓப்பன்ரீச் என்று அந்தப் பிரிவு தனியாக நின்றது. அதே வருஷம் நவம்பரில் போட்டிக் கம்பெனிகளின் கைக்கு மாறிய இணைப்புகள் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஒரு கம்பெனி டெலிபோன் எடுத்தால் பிராட்பேண்ட் இலவசம் என்றே விளம்பரம் செய்தது. வாடிக்கையாளருக்கு விற்கும் விலையை இறக்கு என்று ஆணையம் யாரையும் மிரட்டவில்லை.

அமெரிக்கா எதிர்த்திசையில் போனது. 1996-இல் அவர்கள் போட்ட சட்டம் நன்றாகத்தான் இருந்தது. டெலிபோன் கம்பெனிகள் தங்கள் கம்பியைப் போட்டியாளருக்கு வாடகைக்கு விட வேண்டும். ஆனால் 2002-இல் அவர்களுடைய எஃப்.சி.சி. ஆணையம், கேபிள் வழி இன்டர்நெட்டை அந்த வகைக் கடமைகளுக்கு வெளியே நிறுத்தியது. 2005 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இரண்டே மாதத்தில் டெலிபோன் கம்பெனிகளின் டி.எஸ்.எல்.லையும் வெளியே விட்டுவிட்டார்கள். விளைவு, அங்கே பல ஊர்களில் வீட்டு இன்டர்நெட்டுக்குக் கேபிள் கம்பெனி ஒன்று, டெலிபோன் கம்பெனி ஒன்று. அங்கிருந்து வந்திருக்கும் நம் நண்பர்களைச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுப் பாருங்கள், மாத பில்லைச் சொல்லுவார்கள்.

'நெட் நியூட்ராலிட்டி' என்று அமெரிக்காவில் ஏன் அவ்வளவு பெரிய ரகளை நடந்தது என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. கம்பெனி எந்த வலைத்தளத்தையும் வேகமாகவோ மெதுவாகவோ காட்டக் கூடாது என்று 2015-இல் விதி போட்டார்கள். 2017-இல் எடுத்தார்கள். 2024-இல் திரும்பப் போட்டார்கள். 2025 ஜனவரியில் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆட்சி மாறினால் விதி மாறும். வாடிக்கையாளருக்கு வெளியே போக வழி இல்லாத இடத்தில், உள்ளே நடப்பதை எல்லாம் சட்டம் போட்டுத்தான் காவல் காக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலும் அந்தச் சண்டை நடந்தது, நன்றாகவே முடிந்தது. 2015 மார்ச்சில் டிராய் கருத்துக் கேட்டது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது. (அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரியோடு சேர்த்து அத்தனையையும் வெளியிட்டு ஆணையம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.) பேஸ்புக் நிறுவனம் ஃப்ரீ பேசிக்ஸ் என்று குறிப்பிட்ட தளங்களை மட்டும் இலவசமாகத் தருகிறேன் என்று முழுப்பக்க விளம்பரம் எல்லாம் கொடுத்தது. 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி டிராய், தளத்துக்குத் தளம் வேறு விலை கூடாது என்று விதி போட்டது. மீறினால் ஒரு நாளைக்கு 50,000 ரூபாய் அபராதம். எனக்கு இந்த விதி பிடிக்கும். மூன்று நான்கு கம்பெனிகளும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் கடை மாறியும் பிரயோஜனம் இல்லை அல்லவா? அந்த இடத்தில் விதி வேண்டும்தான்.

மொபைலுக்கு வருகிறேன். நம் அரசு உருப்படியாகச் செய்த காரியம் ஒன்றைச் சொல் என்றால், நம்பர் மாறாமல் கம்பெனி மாறும் வசதியைத்தான் சொல்வேன். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க. 1900-க்கு ஒரு எஸ்.எம்.எஸ். இப்போது ஒரே வட்டத்துக்குள் என்றால் மூன்று வேலை நாள். கம்பெனிகள் இதற்கு எவ்வளவு முட்டுக்கட்டை போட்டன, எத்தனை முறை தேதி தள்ளிப்போனது என்று பழைய ஆட்களுக்குத் தெரியும்.

2018 பிப்ரவரியில் இதன் அருமை தமிழ்நாட்டுக்கே தெரிந்தது. ஏர்செல். நம்ம ஊரில் பிறந்து வளர்ந்த கம்பெனி. எங்கள் ஹாஸ்டலில் பாதிப் பேர் அதுதான். கடன் கழுத்தை நெரித்து, பிப்ரவரி கடைசி வாரம் நெட்வொர்க் விழுந்தது. பேங்க், ஆதார், கேஸ் புக்கிங் எல்லாம் அந்த நம்பரில். வேறு கம்பெனிக்குப் போக 1900-க்கு மெசேஜ் அனுப்ப வேண்டும், அனுப்ப சிக்னலே இல்லை! டவர் கிடைக்கும் இடம் தேடி மக்கள் அலைந்தார்கள். கடை வாசல்களில் வரிசை. அந்தச் சிரமத்தோடும் லட்சக்கணக்கானவர்கள் நம்பரைக் காப்பாற்றிக்கொண்டு வெளியே வந்தார்கள் என்றால், அது அந்த விதி முன்பே இருந்ததால்தான். சந்தை தோற்றுப்போன நாளில் மனிதர்களுக்குக் கைகொடுத்தது ஒரு சாதாரண அரசு விதி.

2024 ஜூலையில் இன்னொன்று பார்த்தோம். மூன்று தனியார் கம்பெனிகளும் ஒரு நாள் இடைவெளியில் கட்டணத்தை ஏற்றினார்கள். அந்த மாதத்தில் மட்டும் பி.எஸ்.என்.எல்.லுக்கு 29 லட்சம் பேர் கூடினார்கள். அதில் எத்தனை பேர் அங்கேயே தங்கினார்கள் என்பது வேறு கணக்கு. கோபம் வந்தது, கிளம்பினார்கள், முடிந்தது. யாரிடமும் மனுக் கொடுக்கவில்லை.

இப்போது வீட்டுக்குள் வருவோம். மொபைலில் இருக்கும் இந்த வசதி வீட்டு இணைப்புக்கு உண்டா? இல்லை. தரைவழி டெலிபோன் நம்பரை எடுத்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போக இன்றுவரை வழி கிடையாது. ஃபைபரில் இன்னும் மோசம். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று முன்பணம் கட்டினால்தான் நல்ல விலை. நடுவில் போனால் மீதிப் பணம் பெரும்பாலும் வராது. சுவரில் மாட்டியிருக்கும் டப்பா அவர்களுடையது, வேறு கம்பெனியின் லைனில் அது வேலை செய்யாது. புதுக் கம்பெனி வந்து ஒயர் இழுத்து முடிக்கும் வரை பழையதை நிறுத்த முடியாது, ஆக ஒரு மாதம் இரண்டு இடத்திலும் பணம்.

நான் இருக்கும் அடுக்ககத்தில் 96 வீடு. நாங்கள் சாவி வாங்கும் முன்பே கட்டியவர் ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுவிட்டார். ஒயர் போகும் குழாய், மாடிக்கு மாடி இருக்கும் பெட்டி எல்லாம் அந்தக் கம்பெனி வசம். போன மழைக்காலத்தில் 11 நாள் இணைப்பு இல்லை. தினமும் காலையில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் வரும். வேறு கம்பெனி ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். எதிர்வீட்டுத் தாத்தா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், சிங்கப்பூரில் இருக்கும் மகளைத் தினம் ராத்திரி வீடியோவில் பார்த்துவிட்டுத்தான் தூங்குவார். அவர் என்னிடம், "தம்பி, நீங்க இதே வேலையிலதானே இருக்கீங்க, ஒண்ணும் பண்ண முடியாதா?" என்று கேட்டார். என்ன சொல்வது? பகலில் ஆயிரக்கணக்கான வீட்டுக்கு நெட்வொர்க் வடிவமைக்கிறவன், தன் வீட்டு வாசலில் கம்பெனி மாற்ற முடியாமல் நிற்கிறேன்.

தெருவுக்குத் தெரு ஃபைபர் போட்டி என்கிறோம். சின்ன ஊர்களில் பாருங்கள். கேபிள் டி.வி. நடத்திய அதே அண்ணாச்சிதான் இன்டர்நெட்டும் தருகிறார். போர்டில் பெரிய கம்பெனி பெயர் இருக்கும். அடுத்த வருஷம் போர்டு மாறும். கம்பத்தில் ஓடுவது அதே ஒயர், அதே ஆள். கிணறு ஒன்று, வாளிதான் வேறு வேறு. அந்த அண்ணாச்சிகளை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கம்பத்துக்குக் கம்பம் ஏறியிருக்காவிட்டால் அந்த ஊர்களுக்கு இன்றும் ஃபைபர் போயிருக்காது.

என் வகுப்புத் தோழன் ஒருத்தன் பெரிய சேவைக் கம்பெனியில் இருக்கிறான். இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறான், பெயர் சொல்ல மாட்டேன். நேற்று ராத்திரி இதைச் சொன்னதும் கேட்டான். "நான் கடன் வாங்கி ரோட்டைத் தோண்டி ஒயர் போடுவேன், நீ வந்து அதுல ஓசியில வியாபாரம் பண்ணுவியா? அப்புறம் எவன் புதுசா ஒயர் போடுவான்?"

நியாயமான கேள்வி. செம்பு மக்கள் பணத்தில் போட்டது, ஃபைபர் தனியார் பணத்தில் போட்டது. இரண்டுக்கும் ஒரே விதி போட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொழில்நுட்பமும் அவன் பக்கம்தான். செம்பில் வீட்டுக்கு ஒரு தனிக் கம்பி, பிடுங்கிச் செருகலாம். ஃபைபரில் ஒரே இழை ஸ்ப்ளிட்டர் வரை வந்து 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிகிறது. என் வீட்டு இழையை மட்டும் எடுத்து அடுத்தவரிடம் கொடு என்றால் நடக்காது. முழு நெட்வொர்க்கையும் மொத்த விலைக்கு வாடகை விடச் சொன்னால், புதிதாகப் போடுகிறவர் தயங்குவார் என்பதும் உண்மை.

ஆனால் நான் கேட்பது அதுவே இல்லை. அவன் போட்ட ஒயர் அவனுக்கே இருக்கட்டும். மாடிக்குப் போகும் குழாய் யாருடையது? அது 96 வீட்டுக்காரர்கள் பணம் கொடுத்து வாங்கியது. அதை ஒரு கம்பெனிக்குப் பட்டா போட்டுக் கொடுக்கக் கட்டியவருக்கு உரிமை இல்லை என்று விதி வரட்டும். அமெரிக்காவே 2022 பிப்ரவரியில் இதில் விழித்துக்கொண்டு, அடுக்ககங்களில் கட்டட உரிமையாளரும் கம்பெனியும் போடும் பிரத்யேக வருமானப் பங்கு ஒப்பந்தங்களைத் தடை செய்தது. இங்கே டிராய் 2024-இல் கட்டடங்களின் இணைய வசதிக்குத் தரமதிப்பு தரும் விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. நல்ல ஆரம்பம். ஆனால் நட்சத்திரம் கொடுப்பதும் கதவைத் திறப்பதும் ஒன்றல்ல.

அப்புறம் கடை மாறும் நடைமுறை. பிரிட்டனில் 2024 செப்டம்பர் 12 முதல், வாடிக்கையாளர் புதுக் கம்பெனியிடம் மட்டும் சொன்னால் போதும். பழைய கம்பெனியிடம் போய்க் கெஞ்ச வேண்டாம், அதை நிறுத்துவதெல்லாம் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். மொபைலில் நாம் 2011-லேயே செய்ததுதானே இது? முன்பணத்தில் பயன்படுத்தாத மாதங்களுக்குப் பணம் திரும்ப வர வேண்டும். டப்பாவை எடுத்துக்கொண்டு போக இத்தனை நாள் என்று கெடு வேண்டும். இதற்காக எந்தக் கம்பெனியும் ஒரு மீட்டர் ஒயரைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இதைச் சொன்னதும் என் தோழன் பேச்சை மாற்றிவிட்டான்!

மக்கள் பணத்தில் போடும் ஃபைபருக்கு மட்டும் என் கோரிக்கை வேறு. பாரத்நெட் இரண்டாம் கட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு டான்ஃபிநெட்டிடம் தரப்பட்டது. இது 2004-இல் நாம் தவறவிட்ட அதே சந்தர்ப்பம், புது உருவத்தில். ஸ்டாக்ஹோம் நகராட்சி 1994-லேயே ஸ்டோகாப் என்று ஒரு கம்பெனி வைத்து ஊரெல்லாம் ஃபைபர் போட்டது. அந்தக் கம்பெனி வீடுகளுக்கு இன்டர்நெட் விற்பதில்லை. இழையை மட்டும் யார் கேட்டாலும் ஒரே விலைக்கு வாடகைக்கு விடும். அதன் மேல் எத்தனையோ கம்பெனிகள் போட்டி போடுகின்றன. ரோடு நகராட்சியுடையது, பஸ் பலருடையது. நம் ஊராட்சி ஃபைபரும் அப்படி இருக்குமா, இல்லை ஒரு ஊருக்கு ஒரு ஆள் என்று குத்தகைக்குப் போய்விடுமா என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தச் சங்கத்தில் மாநில அரசுப் பணியில் உயர்ந்த பதவிகளில் இருந்தவர்கள், இருப்பவர்கள் இருக்கிறார்கள். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொரு விஷயம், இது நம் எல்லோர் கையிலும் இருப்பது. இங்கே கை தூக்கச் சொன்னால் குறைந்தது முப்பது பேராவது குடியிருப்போர் சங்கத்தில் செயலாளராகவோ பொருளாளராகவோ இருப்பீர்கள். கம்பெனிக்காரர் வந்து, லிஃப்டுக்குக் கேமரா போட்டுத் தருகிறேன், சங்க அலுவலகத்துக்கு இலவச இணைப்பு தருகிறேன், ஐந்து வருஷத்துக்கு எங்களைத் தவிர யாரையும் விடாதீர்கள் என்பார். தாளின் பின்பக்கத்தில் அந்த வரி சின்ன எழுத்தில் இருக்கும். எங்கள் கட்டடத்தில் அந்தப் பழைய ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம் பாக்கி. புதுப்பிக்கும் கூட்டத்துக்கு நானும் அந்தத் தாத்தாவும் சேர்ந்து போவதாக இருக்கிறோம். குழாயில் இரண்டாவது ஒயருக்கு இடம் இருக்கிறது என்று காட்ட நானே அளந்து வரைபடம் போட்டு வைத்திருக்கிறேன். அந்த வரைபடமும், ஒப்பந்தத்தில் எந்த வரியை அடிக்கச் சொல்ல வேண்டும் என்ற குறிப்பும் யாருக்கு வேண்டுமானாலும் தருகிறேன். சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.

செயலாளர் அண்ணன் வாட்சைப் பார்க்கிறார்.